நாற்பது ஆண்டு கழித்து வந்த சர்ட்டிபிகேட்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. புகையிலை விளைந்த பூமி. 2003 ஜூன் மாதம் அந்த ஜில்லாவில் ஹைஸ்கூல் டிப்ளமா வழங்கும் விழா ஒன்று நடந்தது. டிப்ளமா வாங்க வந்தவர்கள் ஐம்பதும் அறுபதும் ஆனவர்கள், பேரன் பேத்தி எடுக்கும் வயதினர். பெரும்பாலோர் கறுப்பின வீட்டுப் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள்.

இவர்கள் படிக்க வேண்டிய வயதில் ஏன் படிக்கவில்லை? பரீட்சையில் தோற்றார்களா? இல்லை. 1959 முதல் 1964 வரை ஐந்து ஆண்டுகள் அந்த ஜில்லா நிர்வாகம் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டிவிட்டது. சுமார் 1,700 கறுப்பினக் குழந்தைகள் தெருவில் நின்றனர்.

இந்த அக்கிரமத்தின் வேர் 1951ல் இருக்கிறது. பார்ம்வில் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மோட்டன் ஹைஸ்கூல் இருந்தது. 180 பேருக்குக் கட்டிய கட்டிடத்தில் 450 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23ந் தேதி பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் முன் நின்று ஸ்டிரைக் தொடங்கினாள். ஹெட்மாஸ்டரைப் பொய்யான டெலிபோன் செய்தி ஒன்றால் வெளியே போகச் செய்து, மாணவர்களை மண்டபத்தில் கூட்டி, பேசி, வெளிநடப்புச் செய்ய வைத்தாள்! ஸ்டிரைக் கமிட்டியில் இருந்த அனுபவசாலிகளும் இந்தப் பெண்ணிடம் பாடம் கேட்கலாம்.

அந்த ஸ்டிரைக்கிலிருந்து வழக்குப் பிறந்தது. 1954 மே 17ந் தேதி, நிறத்தைப் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

தீர்ப்பு வந்துவிட்டது. வெள்ளை ஆதிக்கக்காரர்கள் என்ன செய்தார்கள்? சேர்ந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளியே இல்லாமற் போகட்டும் என்றார்கள். 1959ல் ஜில்லா போர்டு பள்ளிகளுக்கான வரியை விதிக்க மறுத்தது. அடிதடி இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. பட்ஜெட்டில் ஒரு வரவினத்தை அடித்தார்கள், பள்ளிகள் செத்தன.

ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே முளைத்தது. அது யார் பணத்தில் நடந்தது? அடுத்த ஆண்டு பிள்ளை ஒன்றுக்கு மாநில சர்க்கார் 125 அல்லது 150 டாலர் கொடுத்தது. ஜில்லா தன் பங்குக்கு 100 டாலர் கொடுத்தது. தனியார் பள்ளிக்கு நன்கொடை தருகிறவருக்குச் சொத்து வரியில் கால் பங்கு வரை கழிவு! பொதுப் பள்ளிக்கு இல்லாத வரிப்பணம் இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது? சம்பளம் கட்ட வழியில்லாத ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் படிப்பை இழந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறவெறி என்ற தீ தன் ஜாதி ஏழையையும் விட்டுவைக்கவில்லை.

சில பிள்ளைகளைப் பெற்றோர் வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினர். வேறு சிலருக்கு மாதா கோயில் மண்டபங்களில் நல்லவர்கள் சிலர் எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். பலர் புகையிலைக் காட்டுக்குப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தவர்களும் உண்டு.

1964 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மீண்டும் தலையிட்டது. வேறு ஜில்லாக்களில் பள்ளிகள் திறந்திருக்க இங்கே மட்டும் மூடியது சட்ட விரோதம், தேவைப்பட்டால் வரி விதிக்கும்படியே ஜில்லா போர்டுக்கு உத்தரவிடலாம் என்றது. அதன்பின் கதவு திறந்தது. ஐந்து ஆண்டு வளர்ந்துவிட்ட பிள்ளைகளில் பலர் திரும்பவே இல்லை.

2003ல் மாநிலச் சட்டசபை வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. ஜில்லா கல்வி நிர்வாகம் டிப்ளமா கொடுத்தது. அதன் பெயர் கௌரவ டிப்ளமா. இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஒரு சர்ட்டிபிகேட் இல்லாத குறைக்காக மில் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்த முதியவர்கள் தலை நிமிர்ந்து அதை வாங்கியது சரியே. யாரும் அவர்களுக்குப் பிச்சை போடவில்லை.

எனினும் கடன் தீர்ந்துவிட்டதாக அரசு கணக்கு எழுத முடியாது. 2004ல், இழந்த படிப்பைத் தொடர விரும்புவோருக்கு உதவித் தொகைத் திட்டம் வந்தது. மாநில சர்க்கார் 10 லட்சம் டாலர் போட்டது. இன்னொரு 10 லட்சம் ஜான் குளூகி என்ற கோடீஸ்வரர் தந்தார். பூட்டியது அதிகாரம், ஈடு செய்வதில் பாதி தர்மப் பணம்! அந்த 20 லட்சத்தை 1,700 பேருக்குப் பங்கிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தோம். தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 235 டாலர் வருகிறது. 1960ல் வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு மாநில சர்க்காரும் ஜில்லாவும் சேர்ந்து அளந்த தொகையும் ஏறக்குறைய அதுதான். 44 ஆண்டு வட்டி அதில் சேரவில்லை.