பேரனுக்குப் புரியாத பிரசங்கம்



டச்சுக்காரர் என்றதும் நமக்குப் பழவேற்காட்டுக் கல்லறைகளும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணக் கோட்டையும் நினைவுக்கு வரும். கப்பலில் வந்தார்கள், துணி வாங்கினார்கள், கோட்டை கட்டினார்கள், கடைசியில் ஆங்கிலேயரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த மாதம் நான் படித்ததோ அந்தக் கம்பெனிக்காரர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத டச்சுக்காரர்களைப் பற்றி. சிறு குடியானவர்கள், தச்சர்கள், கூலிக்காரர்கள். வீட்டில் கூடி ஜெபித்ததற்காகச் சொந்த நாட்டிலேயே அபராதம் கட்டியவர்கள். 1847-ல் அமெரிக்காவின் மிச்சிகன் காட்டுக்குள் போய்க் குடியேறி, அந்த இடத்துக்கு ஹாலந்து என்றே பெயர் வைத்தவர்கள். அவர்களுடைய சபைகள் சேர்ந்து நடத்திய கூட்டங்களின் குறிப்புகள், 1848 முதல் 1858 வரையிலானவை, ஆங்கிலத்தில் நூலாக வந்திருக்கின்றன. கூட்டக் குறிப்புக்கு உரிய எல்லா வறட்சியும் அதில் உண்டு. ஆனாலும் ஓர் ஊர் எதற்கெல்லாம் தூக்கம் இழந்தது என்பதை வேறெந்த நூலும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

முதலில் அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1834-ல் நெதர்லாந்தின் வடக்கே உல்ரும் என்ற கிராமத்தில் ஹென்ட்ரிக் டி காக் என்ற போதகர், அரசின் பிடியில் இருந்த சபையை விட்டு ஒரு கூட்டத்தோடு விலகினார். பழைய உபதேசத்தில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய குறை. 20 பேருக்கு மேல் கூடுவதற்கு அரசு அனுமதி வேண்டும் என்று நெப்போலியன் காலத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து இவர்கள்மேல் ஏவினார்கள். அபராதம், சிறை, வீட்டுக்குள் சிப்பாய்களைக் கொண்டுவந்து தங்கவைப்பது எல்லாம் நடந்தது. இந்த இயக்கத்தின் இளம் போதகர்களில் ஒருவர் ஆல்பெர்டஸ் வான் ரால்டே. அவரும் சிறைக்குப் போய் வந்தவர்தான்.

பள்ளிக்கூடமும் இவர்கள் கையில் இல்லை. 1806-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் அனுமதியின்றித் தனிப் பள்ளி தொடங்க முடியாது. அனுமதி எளிதில் கிடைக்காது. பிள்ளைகளை வீட்டில் ஒரு மாதிரி வளர்த்து, பள்ளியில் வேறு மாதிரி வளர்க்க விடவேண்டியிருந்தது பெற்றோரை உறுத்தியது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து ஏழைகளின் சோற்றிலேயே மண் விழுந்தபோது, போவது என்ற முடிவு கனிந்துவிட்டது. எங்கே போவது? டச்சு அரசின் கையில் இருந்த ஜாவாவும் பேச்சில் வந்தது. ஜாவாவுக்கு ஏன் போகவில்லை, வட அமெரிக்காவுக்கு ஏன் போகிறோம் என்று விளக்கவே 1846-ல் வான் ரால்டேயும் அவருடைய மைத்துனர் பிரம்மல்காம்ப்பும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். பஞ்சம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அந்த நூலுக்கு வேலை இருந்திருக்காது. பள்ளியும் வழிபாடும் தங்கள் பொறுப்பில் இருக்கும் இடத்தைத்தான் அவர்கள் தேடினார்கள்.

1847 பிப்ரவரியில், பனி மூடிய காட்டில், பிளாக் லேக் என்ற ஏரிக்கரைக்கு முதல் கூட்டம் வந்து சேர்ந்தது. மரமே அரிதான தாழ்நிலத்திலிருந்து வந்தவர்கள். கோடரியை எந்தப் பக்கம் வீசினால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கோடையில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அனாதை இல்லம் ஒன்று கட்டத் தொடங்கினார்கள். ஆனால் இல்லம் தயாராவதற்குள் குடும்பங்களே அந்தப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொண்டுவிட்டன. பிள்ளை இல்லாத அந்த அனாதை இல்லத்தில் பிற்காலத்தில் வகுப்புகள் நடந்தன. இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் இதுதான், இன்று அது இல்லாவிட்டாலும்.

சுற்றிலும் சிறு ஊர்கள் முளைத்தன. சீலந்து, டிரென்தே, ஓவரைசல், கிராஃப்ஸ்காப், நூர்டெலூஸ் என்று எல்லாம் அவர்கள் விட்டு வந்த இடங்களின் பெயர்களே. சீலந்து ஊர்க்காரர்கள் சபையையே பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள். கொர்னேலியஸ் வான் டெர் மியூலன் என்ற போதகரோடு, புறப்படுவதற்கு முன்பே சபையாக அமைந்து, அப்படியே கப்பல் ஏறினார்கள். இன்னொரு பெரிய கூட்டம், ஏறத்தாழ 800 பேர், ஹென்ட்ரிக் ஸ்கோல்டேயின் பின்னால் அயோவாவுக்குப் போய்ப் பெல்லா என்ற ஊரை அமைத்தது. அது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது? சனிக்கிழமையே தொடங்கிவிடும். உருளைக்கிழங்கு தோல் சீவுவது, பாதணிக்கு மை பூசுவது எல்லாம் சனி இரவோடு முடிந்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் ஓர் ஆராதனை, மதியத்துக்கு மேல் இன்னொன்று. இரண்டாவதில் போதகர் ஹைடல்பெர்க் வினாவிடையிலிருந்துதான் பிரசங்கம் செய்யவேண்டும். 129 கேள்விகள், 52 ஞாயிறுகளுக்கு என்று பிரித்து வைக்கப்பட்டவை. ஆண்டு முடிந்தால் மறுபடி முதல் கேள்வி. சங்கீதங்களை மட்டுமே பாடுவார்கள், அதுவும் ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி நிறுத்தி. பிரசங்கமோ நீளும். அதைத் தாங்கப் பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வது அந்தச் சபைகளில் ஒரு தனிச் சடங்காகவே வளர்ந்துவிட்டது. உபதேசத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர்கள், பெப்பர்மின்ட்டில் மட்டும் தாராளம்.

மூப்பர்கள் வீடு வீடாக வருவார்கள். குடும்ப ஜெபம் நடக்கிறதா, பிள்ளைகள் வினாவிடை படிக்கிறார்களா, அண்டை வீட்டாரோடு சண்டை உண்டா என்று விசாரிப்பார்கள். அரசாங்கச் சிப்பாய் வீட்டுக்குள் நுழைந்ததைப் பொறுக்காமல் கடல் தாண்டியவர்கள், மூப்பர் நுழைவதை மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். முரண்பாடு என்று நாம் சொல்லலாம். மூப்பர் நாமே தேர்ந்தெடுத்த ஆள்தானே என்பது அவர்கள் பதிலாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை.

பள்ளிக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே அதுதான். பள்ளியைப் பேணுவது சபையின் கடமை, அதில் அசட்டையாக இருப்பவர்களைக் கண்டிக்க வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் தொடக்க ஆண்டுகளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த மொழியில்? வீட்டில் டச்சு, ஆலயத்தில் டச்சு. பள்ளியில் ஆங்கிலம் என்று வான் ரால்டே பிடிவாதமாக நின்றார். ஆங்கிலம் தெரியாவிட்டால் நிலப்பத்திரம் படிக்க முடியாது, வழக்காட முடியாது, ஓட்டுப் போட்டாலும் யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாது. 1851-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து வால்டர் டெய்லர் என்ற அமெரிக்க ஆசிரியரை வரவழைத்து முன்னோடிப் பள்ளி தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழைய டச்சுக் குடிகள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நடத்திவந்த சீர்திருத்தச் சபையோடு இவர்கள் இணைந்திருந்தார்கள். அந்தச் சபையின் பணமும் ஆசிரியர்களும் இல்லாமல் பள்ளி பிழைத்திருக்காது.

வான் ரால்டே தம் நிலத்தைக் கொடுத்தார். பள்ளியைத் தம் மக்களின் நம்பிக்கைக்கு நங்கூரம் என்று அவர் சொன்னதாலேயே, அது கல்லூரியாக வளர்ந்தபோது ஹோப் என்று பெயர் பெற்றது. அதன் சின்னத்தில் இன்றும் நங்கூரம் இருக்கிறது. 1862-ல் உடற்பயிற்சிக் கூடம் வேண்டும் என்றதும் மாணவர்களே மரம் அறுத்துக் கட்டிக்கொண்டார்கள். 1866-ல் கல்லூரிக்குச் சாசனம் கிடைத்தது, அந்த ஆண்டே எட்டுப் பேர் பட்டம் பெற்றார்கள். 1882-ல் முதல் பெண் பட்டதாரிகள். இதற்கு நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனமும் நடந்தது. உலகெங்கும் மிஷனரிகளை ஏற்றிச் செல்ல நாமே ஒரு கப்பல் கட்டுவோம் என்று 1864-ல் விழா எடுத்து ஏரிக்கரையில் கப்பலின் அடிமரத்தை நிறுத்தினார்கள். கப்பல் கடைசிவரை எழும்பவே இல்லை.

பிளவு பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. 1857 ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் விலகல் கடிதங்கள் வந்து விழுந்தன. சங்கீதத்தை விட்டுக் கீர்த்தனைகள் பாடுகிறீர்கள், பிற சபையாரைத் திருவிருந்துக்கு அழைக்கிறீர்கள், வினாவிடைப் பிரசங்கத்தைக் கைவிடுகிறீர்கள் என்று கிராஃப்ஸ்காப் மக்கள் எழுதியிருந்தார்கள். கிழக்குக் கரைச் சபையோடு சேர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது அவர்கள் கட்சி. நான்கு சபைகளோடு தொடங்கிய அந்தப் பிரிவே இன்றைய கிறிஸ்தவ சீர்திருத்தச் சபை. 1876-ல் கிராண்ட் ரேப்பிட்ஸில் அவர்கள் தனி இறையியல் பள்ளி வைத்தார்கள். அதுதான் பின்னாளில் கால்வின் என்ற பெயரில் வளர்ந்தது. வான் ரால்டே இறந்ததும் அதே 1876-ல். ஆறே ஆண்டுகளில், ஃப்ரீமேசன் சங்கத்தில் இருப்பவர்கள் சபையில் இருக்கலாமா என்ற சண்டையில் அவருடைய சொந்தச் சபையே அவர் சேர்த்துவைத்த அமைப்பை விட்டு வெளியேறியது. ஆறு தூண்களும் உச்சியில் சேவல் உருவமுமாக 1856-ல் அவர் காலத்தில் எழுந்த ஆலயமும் அவர்களோடு போயிற்று. 1871 அக்டோபரில், சிகாகோ எரிந்த அதே இரவில், ஹாலந்து நகரின் பெரும்பகுதியும் எரிந்தது. அந்தத் தீயிலிருந்து தப்பிய ஆலயம் இது. 2012 முதல் அது பிரிந்த அந்த இரு சபைகளுக்கும் பொதுவாக இருக்கிறது. ஒரு சண்டை ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கைக் காட்டலாம்.

டச்சுக்காரர் எழுதிய வரலாறுகளில் ஓரமாக வரும் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இவர்கள் வருமுன்பே அந்தக் காட்டில் ஆலயமும் பள்ளியும் இருந்தன. ஒட்டாவாப் பழங்குடியினருக்காக ஜார்ஜ் ஸ்மித் என்ற மிஷனரி நடத்திய ஓல்ட் விங் மிஷன் அது. முதல் குளிர்காலத்தில் டச்சுக் குடும்பங்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது அந்த மிஷன் வீடுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து மரம் வெட்டத் தொடங்கியபின் ஒட்டாவாக்களுக்கு அங்கே வாழ்க்கை இல்லாமல் போயிற்று. 1849-ல் அவர்கள் ஸ்மித்தோடு படகேறி வடக்கே போனார்கள். வழிபாட்டுக்கு இடம் தேடி வந்தவர்களால் இன்னொரு சபையும் பள்ளியும் இடம்பெயர்ந்தன. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

மறுபடி மொழிக்கு வருகிறேன். 1862-லேயே ஹாலந்து நகரில் ஆங்கிலத்தில் ஆராதனை நடத்தும் சபை ஒன்று அமைந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். தாத்தா கண்ணீர் விட்டுக் கேட்ட பிரசங்கம் பேரனுக்குப் புரியவில்லை. முதல் உலகப்போர் வந்தபோது, 1918-ல், ஆலயத்திலும் பொது இடத்திலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று பெல்லா இருந்த அயோவாவின் ஆளுநர் ஆணையே போட்டார். டச்சு ஆராதனைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இருந்தும் 1868-ல் தொடங்கிய, பிரிந்துபோன சபையாரின் டச்சுப் பத்திரிகையான டி வாக்டர் 1985 வரை தாக்குப்பிடித்தது. ஒரு பத்திரிகைக்காரனாக அந்தக் கடைசி இதழின் ஆசிரியர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தன் மொழியின் ஆயுளைக் குறைக்கும் என்று தெரிந்தே வான் ரால்டே அந்தப் பள்ளியைக் கட்டினாரா? தெரிந்தேதான் என்று நான் நினைக்கிறேன். விசுவாசம் மொழியைவிடப் பெரியது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அவரோடு சண்டையிட்டுப் பிரிந்தவர்களோ மொழி போனால் விசுவாசமும் ஒழுகிப் போகும் என்று அஞ்சினார்கள். நான் வான் ரால்டே பக்கம் பாதி, அவர்கள் பக்கம் பாதி நிற்கிறேன். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொன்று என்று பிள்ளை வளர்க்கும் வாசகர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அறிய ஆவல்.

நமக்கும் இந்தக் கதைக்கும் நேரான ஒரு தொடர்பு உண்டு. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853-ல் வட ஆற்காட்டில் தொடங்கிய ஆற்காடு மிஷன், இந்த மிச்சிகன் மக்கள் போய்ச் சேர்ந்த அதே சீர்திருத்தச் சபையின் மிஷன். ஹோப் கல்லூரியில் பெண்களுக்காக 1907-ல் எழுந்த விடுதிக்கு வூர்ஹீஸ் என்று பெயர். வேலூரில், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்த கல்லூரிக்கும் அதே பெயர்தான். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரே தம்பதியின் கொடை இரண்டு ஊர்களிலும் சுவராக நிற்கிறது.

இவ்வளவையும் நாம் இன்று படிக்க முடிவது, காட்டில் பட்டினி கிடந்த காலத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதியதால்தான். நம் ஊர்களிலும் அப்படி எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக் கணக்கு, மிஷன் பள்ளி வருகைப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவு, கோயில் அறங்காவலர் கூட்டக் குறிப்பு, ஊர்ச் சங்கக் கணக்கு என்று எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் எங்களுக்கு எழுதுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் வெளியிட விரும்புகிறோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மூலத்தைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். நகல் எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்