நாய்க்கும் பெயர் பொறித்த மண்ணில் பாவலனுக்குப் பெயரில்லையா?

சவ்வாது மலையின் அடியில் ஒருபுறம் ஆலங்காயம். தென்சாரலுக்கு அப்பால் செங்கம். அச்செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஒரு நடுகல் நாட்டப்பெற்றது. எருமைகளை மீட்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் அவன் பெயர் மட்டுமன்று. கள்வரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற நாயின் பெயரும் உள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். நாய் செய்த நன்றிக்கும் எழுத்துச் செலவிட்ட இனம் தமிழினம்!

1989 வரை ஆலங்காயமும் செங்கமும் அரக்கோணமும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்து ஊர்கள். அவ்வரக்கோணத்திலிருந்து எழுந்த சொல்லிசைப் பாவலர் அறிவு. பா. இரஞ்சித்து முன்னின்று அமைத்த இசைக்குழுவில் பாடத் தொடங்கியவர். 2019-இல் 'தெருக்குரல்' என்னும் இசைத்தொகுப்பைத் தந்தவர். 2021 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'என்சாய் என்சாமி' அவரை உலகறியச் செய்தது.

உலகறியச் செய்ததா? பாட்டை அறிந்தது உலகு, பாவலனை மறந்தது. அவ்வாண்டே ஆகத்துத் திங்களில் இந்திய 'உரோலிங் சுடோன்' தாளிகையின் அட்டையில், அவர் எழுதிய பாடல்களைப் பாடிய பிறருடைய முகங்கள் இருந்தன. எழுதியவர் முகம் இல்லை. எதிர்ப்பெழுந்த பின்னரே அவர்க்கு அட்டையில் இடம் வந்தது. 2022 சூலை 28-இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாடல் முழங்கியது. மேடையில் அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் கூறப்பட்டது. பாடகி தீயும் இசையமைப்பாளர் சந்தோசு நாராயணனும், அவர்க்குரிய பெருமையை எங்கும் மறைக்கவில்லை என்றனர். இருக்கட்டும். ஆள் கடல் கடந்திருக்கலாம். பெயருமா கடல் கடந்து போய்விட்டது?

பணத்தின் கதை இன்னும் கொடிது. பல கோடி முறை கேட்கப்பெற்ற அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அதே சந்தோசு நாராயணனே 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். எழுதியவன் ஒருபுறம், இசையமைத்தவன் மறுபுறம் என மோதிக்கொண்டிருக்க, உழைப்பின் விளைவு மட்டும் இருவர் கைக்கும் எட்டவில்லை. இதுவன்றோ வணிகத்தின் வல்லாண்மை!

இந்நிலையில்தான் 2024-இல் அறிவின் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கைகளுக்கு உரியவர். 1948-இல் சிங்கள அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் செய்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அத்தமிழர்களை ஒருவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, எண்ணால் அளந்தனர். அவ்வெண்ணுக்குள் புதைந்து கிடந்த ஒரு பெண்ணின் பெயரைத் தோண்டியெடுத்துத் தொகுப்பின் நெற்றியில் பொறித்தான் பேரன். இதுவும் ஒரு நடுகல்லே!

"சொல்லிசை தமிழர்க்கு உரியதன்று, அயலார் கூச்சல்" என்று முகஞ்சுளிக்கும் தூயதமிழ் அன்பரும் உளர். 1973-இல் நியூயார்க்கின் பிராங்சுப் பகுதியில், ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே பிறந்த வடிவம் அது என்பது உண்மையே. ஆயின் சொற்கள் ஓட்டத்தால் இசையாகும் நுட்பம் தமிழுக்குப் புதிதா? தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் பின் எதற்கு? எதுகையும் மோனையும் எந்நாட்டுச் சரக்கு? அயலவர் கருவியைக் கையாளுவது இழிவன்று. அயலவர் சொல்லுக்கு அடிமையாவதே இழிவு. அவ்வகையில் 'என்சாய்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தலைப்பில் ஏற்றியது குறையே. அதைச் சுட்டுவது தமிழ்க்கடன். ஆனால், சொல்லில் கலந்த களையைக் காணும் கண், சொல்லுக்கு உரியவனைக் கொள்ளை கொள்வதைக் காணாது போனால், அது தமிழ்க்கண் ஆகுமா? தமிழ் என்பது அகரமுதலியில் மட்டும் வாழ்வதன்று. தோட்டத்திலும் சேரியிலும் மலைக்குடியிலும் அதைக் காத்தவர் வாயில் வாழ்வது. காத்தவரைக் கைவிட்டுக் காக்கப்பட்டதைப் போற்றுவது, உழவனைப் பட்டினியிட்டு நெல்லுக்குப் பொங்கல் வைப்பது போன்றது.

சட்டம் இல்லாமலில்லை. பதிப்புரிமையை விற்ற பின்னும், 'இது என் படைப்பு' என்று உரைக்கும் உரிமை படைத்தவனுக்கே உண்டு என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. பாட்டெழுதியவனும் இசையமைத்தவனும் தம் வருவாய்ப் பங்கைப் பெருநிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்து இழந்துவிடாதபடி 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளித்தது. ஏட்டில் உள்ள அவ்வுரிமையை மேடைக்குக் கொணர்வதே வேண்டுவது.

எனவே, தமிழுணர்வாளர் செய்ய வேண்டுவன சில. தமிழ்ப் பாட்டு ஒலிக்கும் அரசு விழா எதுவாயினும், எழுதியவர் பெயரை முதற்கண் அறிவிக்க வற்புறுத்துக. 'வள்ளியம்மா பேராண்டி' போன்ற தொகுப்புகளைக் கேட்டு, நிறைகளைப் போற்றிக் குறைகளைத் திருத்துக. ஆலங்காயத்து மலையூர்களில் நடவிலும் களத்திலும் பாடும் பெண்டிரின் பாடல்களைத் தொகுப்போர், 'நாட்டார் பாடல்' என்று பொதுப்பெயரிட்டு ஒதுங்காமல், பாடியவள் பெயரையும் ஊரையும் எழுதுக.

காவல் காத்த நாயின் பெயர் 1,300 ஆண்டுகளைக் கடந்து கல்லில் நிற்கின்றது. தமிழைக் காத்த வாய்களின் பெயர் ஒரு தாளிகையின் அட்டையிலேனும் நிற்க வேண்டாவா? தமிழர்களே, விடை கூறுங்கள்!