எழுத்துதானே, படிச்சுடாதா?

சினிமாவில் ஹேக்கர் பரபரவென்று தட்டுவாரே, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுமே... அதற்குப் பெயர் டெர்மினல். படம் கிடையாது, மவுஸ் தேவையில்லை. எல்லாமே எழுத்து. சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் பணியிடம்.

பார்வையற்ற ஒருவருக்கு இதில் வேலை பார்ப்பது சிரமம் என்று கம்ப்யூட்டர் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். 'எழுத்துதானே சார், ஸ்க்ரீன் ரீடர் படிச்சுடும்!' என்பார்கள்.

படிக்கும்தான். எதைப் படிக்கும்? அங்கேதான் வம்பு.

இணையப் பக்கத்தில் இது தலைப்பு, இது பட்டன் என்று செய்தவர் குறித்துவைக்க முடியும். ஸ்க்ரீன் ரீடர் அதைப் பார்த்துச் சொல்லிவிடும். டெர்மினலோ கட்டம் போட்ட நோட்டு. 1978-ல் வந்த விடி100 என்ற இயந்திரத்தில் வரிக்கு 80 கட்டம், மொத்தம் 24 வரி. 'ஏழாவது வரி, மூன்றாவது கட்டத்துக்குப் போ, இந்த எழுத்தைப் போடு.' புரோகிராம் சொல்வது இவ்வளவுதான். போட்டது எச்சரிக்கையா, அலங்காரமா? கட்டத்துக்குத் தெரியாது.

ஸ்க்ரீன் ரீடர் பாவம், என்ன செய்யும்? நான் பி.காம்., எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நேற்றைய பேரேட்டையும் இன்றைய பேரேட்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை மட்டும் வாசிக்கும். எது மாறியது என்று தெரியும். ஏன் மாறியது? தெரியாது.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் விண்டோஸ் டெர்மினலில் வழக்கமாகச் செய்வது இதைத்தான். வரிவரியாக ஒப்பிடலாம், எழுத்தெழுத்தாகவும் ஒப்பிடலாம். இரண்டாவது வழி வரியின் நடுவில் மாறியதைத் துல்லியமாகப் பிடிக்கும். ஆனால், சில சமயம் வார்த்தையைப் பிய்த்துப் பிய்த்து வாசிக்கும். இரண்டுமே யூகம்தான்.

இப்போது நம்ம புத்திசாலி புரோகிராமரைப் பாருங்கள். வேலை நடக்கிறது என்று காட்ட ஒரு குச்சியைச் சுழலவிடுவார். நேர்கோடு, சாய்கோடு, படுக்கைக்கோடு ஒரே கட்டத்தில் மாறி மாறி வரும். கண்ணுக்கு ஜோர். காதுக்கு? ஒவ்வொரு மாற்றமும் புதுச் செய்தி! பக்கத்திலேயே 45, 46, 47 சதவிகிதம் என்று ஓட்டம் வேறு. இந்த இரைச்சலுக்கு நடுவே 'ஃபைல் அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து போனால், யார் காதில் விழும்? இது போதாதென்று, தப்பு நடந்தால் 'பிழை' என்று எழுதாமல் வரியைச் சிவப்பாக்கிவிடுவார். சிவப்பை எந்தக் குரலில் வாசிப்பதாம்?

வேறு வழியே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டி.வி.ராமன் 14 வயதில் பார்வையை இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் கார்னெலிலும் படித்தவர். 1995-ல் 'ஈமாக்ஸ்பீக்' வெளியிட்டார். திரையில் சிந்தியதைப் பொறுக்காமல், ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள்ளேயே உட்கார்ந்து, நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு பேசும் அது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது சாமி!

எல்லோரும் ராமன் ஆக வேண்டாம். குச்சியை நிறுத்த ஒரு வசதி. சிவப்போடு 'பிழை' என்று ஒரு சொல். முடிந்ததும் 'முடிந்தது' என்று ஒரு வரி. போதும். கிட்ஹப் நிறுவனம் 2025-ல் தன் டெர்மினல் கருவியில் சுழலும் குச்சிக்குப் பதிலாக எழுத்துச் செய்தி வரும் வசதியைக் கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை.

'பார்வையற்றவங்க எத்தனை பேர் சார் இதை யூஸ் பண்றாங்க?' என்று கேட்பவர்கள் உண்டு. வாசலில் முள்ளைப் போட்டுவிட்டு, யாரும் உள்ளே வரக்காணோமே என்று தலை எண்ணுகிற கதை இது. வராதவர் இழந்தது ஒரு சம்பளம், ஒரு வாழ்க்கை.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு சாஃப்ட்வேர் பிள்ளை நிச்சயம் இருக்கும். இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: 'நீ எழுதுற புரோகிராம், கண்ணை மூடிக்கிட்டா என்னப்பா சொல்லுது?'