உளவாளியைத் தேடுவோர் கவனத்துக்கு

'இரண்டு வாழ்க்கைகள்' என்றொரு படம். 2012இல் கேயோர்க் மாஸ் இயக்கியது, ஜேர்மன் - நோர்வேக் கூட்டுத் தயாரிப்பு. நான் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவியபடி நம்மவர்கள் இதைப் பற்றிக் கதைத்தார்கள். "கடைசிமட்டும் மூச்சுவிட ஏலாது" என்றார் ஒருவர். "உளவு பார்த்தவளுக்கு உது வேணும்" என்றார் மற்றவர். இந்த இரண்டாவது தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை.

கதை 1990இல் நடக்கிறது. பெர்லின் சுவர் விழுந்துவிட்டது. நோர்வேயில் கணவன், மகள், பேரப்பிள்ளை என்று வாழ்கிறாள் கத்ரீனே. ஜேர்மன் சிப்பாய் ஒருவனுக்கும் நோர்வேப் பெண்ணுக்கும் போர்க்காலத்தில் பிறந்து, ஜேர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, வளர்ந்தபின் தப்பிவந்து தாயைச் சேர்ந்தவள் என்றுதான் வீடு நம்புகிறது. தாயாக நடிப்பவர் லிவ் உல்மன். ஆனால் வந்திருப்பவள் வேறொருத்தி. கிழக்கு ஜேர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசி, அந்தப் பிள்ளையின் பெயரைக் கொடுத்து அனுப்பியவள்.

ஒரு தாயை அவள் ஏமாற்றினாள், மறுக்கவில்லை. ஆனால் களவெடுக்க அப்படியொரு பெயர் எப்படி அநாதையாகக் கிடந்தது?

நாஜி ஆக்கிரமிப்பின்போது நோர்வேயில் இப்படிப் பிறந்த பிள்ளைகள் 10,000க்கும் மேல். 1945இல் விடுதலை வந்தது. தாய்மாரைத் தெருவில் பிடித்துத் தலைமயிரை வெட்டினார்கள். ஒஸ்லோத் துறைமுகத்துக்கு எதிரே, கோடையில் நாம் பிள்ளைகளோடு குளிக்கப் போகும் ஹூவெத்ஓயா தீவில், அந்தப் பெண்களை அடைத்துவைத்தார்கள். ஜேர்மனியரை மணந்தவர்களின் குடியுரிமையைப் பறித்து நாடுகடத்தினார்கள். ஜேர்மன் பெண்ணை மணந்த நோர்வே ஆணுக்கு அந்தத் தண்டனை இல்லை. பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் 'ஜேர்மன் குட்டிகள்' ஆனார்கள். 73 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் பிரதமர் ஆர்ன சூல்பார்க் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஸ்டாசி விதைக்கவில்லை. அறுத்தது மட்டுமே. ஒரு சமூகம் தன் பிள்ளையைத் துரோகியின் பிள்ளை என்று தள்ளிவைத்தால், அந்தப் பிள்ளையின் பெயர்கூட எவனுக்கோ ஆயுதமாகிறது.

நமக்கு இது அந்நியக் கதையா? எண்பதுகளில் யாழ்ப்பாணத்து மின்கம்பங்களில் 'துரோகி' என்று மட்டை எழுதிக் கட்டியவர்களுக்கும் மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மட்டையைக் கழற்றிய பிறகும் அவர்கள் அதைச் சுமந்தார்கள். இன்றும் ஒஸ்லோவில் புதிதாக ஒருவன் வந்தால், சாப்பிட்டாயா என்று கேட்கமுன் எந்த இயக்கம், யாருடைய தம்பி என்றுதான் விசாரிக்கிறோம்.

நோர்வேஜியர் தங்கள் வீட்டு இரகசியத்தைத் திரையில் போட்டுப் பார்க்கிறார்கள். நாமோ அதிலும் உளவாளியை மட்டும் தேடிப் பிடித்துவிட்டு, நிம்மதியாக எழுந்து போகிறோம்.