வீட்டுப் பட்டறை: புகை கக்கும் பிக்கப்பும் நான்கு நொசில்களும்



பழைய பிக்கப் வாகனமொன்று வாசலில் நிற்கின்றதென்றால், அஃது அவ்வீட்டிலுள்ளாரில் ஒருவரைப் போன்றதே. விடியுமுன் மரக்கறி மூடைகளைச் சந்தையிற் சேர்ப்பதும், விதைநெல்லையும் உரத்தையும் வயலுக்குக் கொண்டு செல்வதும், நள்ளிரவில் நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மவர் பலரும் நன்குணர்ந்த உண்மை ஒன்றுண்டு. புதியதை வாங்க இயலாத காலத்தில், உள்ளதைக் காக்கத் தெரிந்தவனே செல்வன்.

அத்தகைய வாகனங்களுக்கு வயது முதிர்ந்ததும் வரும் நோய்களுள் முக்கியமான ஒன்றையும், அதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க சிகிச்சையையும் இவ்வாரம் ஆராய்வோம். எடுத்துக்காட்டாக, 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைக் கொள்வோம். அதன் நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பீச்சும் கருவிகள் நான்கு உள. நூல்கள் இவற்றை இன்ஜெக்டர் என்னும். நமது கராஜ்களில் இவற்றின் பெயர் நொசில்.

நொசில் செய்யும் வேலை

டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, ஏறக்குறைய 22இல் ஒரு பங்காக நெருக்கப்படும்போது, 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகின்றது. அவ்வேளையில் டீசலைப் புகைபோல நுண்துளிகளாக்கித் தூவினால் அது தானே பற்றிக் கொள்கின்றது. 1897இல் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது இத்தத்துவத்தையே. ஆனால் அவருடைய இயந்திரத்தில் எரிபொருளை உள்ளே ஊதுவதற்கு அழுத்திய காற்றும், அதற்கெனப் பெரியதொரு காற்றமுக்கியும் வேண்டியிருந்தன. அப்பாரத்தைச் சுமந்து கொண்டு வீதியில் ஓடுவது எங்ஙனம்? 1927இல் பொஷ் நிறுவனம் எரிபொருளை நேரே அமுக்கிப் பீச்சும் பம்பைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியதும், டீசல் இயந்திரம் லொறிகளில் ஏறுவதற்கு வழி பிறந்தது.

மாணவர்கள் சிறியதொரு கணக்கைச் செய்து பார்க்கலாம். பிக்கப் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் செல்கின்றது. இயந்திரம் நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்கின்றது எனக் கொள்வோம். இரு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு நொசிலும் பீச்ச வேண்டும். ஆகவே ஒரு நொசில் நிமிடத்துக்கு 1,250 தடவையும், நான்கும் சேர்ந்து மணிக்கு 3 இலட்சம் தடவையும் திறந்து மூடுகின்றன. செலவாவது 8 லீற்றர். பகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு வருவது ஏறக்குறைய 27 கன மில்லிமீற்றர். அதாவது, ஒரு நீர்த்துளியில் அரைவாசி! அந்த அரைத்துளியைச் சரியான கணத்தில், சரியான அளவில், சரியான தூவலாக அனுப்புவதே இயந்திரத்தின் உயிர்நாடி. இதே வேகத்தில் ஓர் இலட்சம் கிலோமீற்றர் ஓடி முடிக்கையில், ஒவ்வொரு நொசிலும் ஒன்பது கோடி முறைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். அது தேய்வதில் வியப்பென்ன?

நோயை அறிதல்

காலையில் இயந்திரம் எளிதிற் பிடியாமை, வெண்புகை, ஏற்றத்தில் கரும்புகை, நின்ற நிலையில் நடுக்கம், சம்மட்டியால் தட்டுவது போன்ற ஓசை, எண்ணெய்ச் செலவு மிகுதல் ஆகியன நொசில் கெட்டமைக்கு அறிகுறிகள். எனினும், இவற்றைக் கண்டவுடனே நொசிலைக் குற்றஞ் சாட்டுதல் தகாது. காற்று பில்ற்றர் அடைபட்டிருந்தாலும் கரும்புகை வரும். ஹீற்றர் பிளக் பழுதானாலும் காலை வேளையில் வெண்புகை வரும். எரிபொருள் பில்ற்றரில் நீர் தேங்கியிருந்தாலும் இயந்திரம் நடுங்கும். சிலிண்டரின் அமுக்கம் குறைந்திருந்தாலோ, புதிய நொசில்கள் நான்கு பூட்டியும் பயனில்லை. செலவு குறைந்தவற்றை முதலிற் பார்த்து, பின்னரே செலவு கூடியதற்குச் செல்லுதல் அறிவுடைமை.

எந்த நொசில் சோர்ந்துள்ளது என்பதை அறிய எளிய முறையொன்றுண்டு. இயந்திரம் மெதுவாக ஓடுகையில், ஒவ்வொரு நொசிலுக்கும் வரும் இரும்புக் குழாயின் நட்டைத் துணி சுற்றி, ஸ்பானரினால் சிறிது இளக்குக. ஓசை மாறி நடுக்கம் கூடினால் அச்சிலிண்டர் அதுவரை உழைத்துக் கொண்டிருந்தது என்பது பொருள். ஒரு மாற்றமும் இல்லையேல் நோய் இருப்பது அவ்விடத்திலேயே. கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைச் செய்யலாகாது. முதன்முறை செய்பவர் பழகிய ஒருவரை அருகில் வைத்துக் கொள்ளுதல் நன்று.

துப்புரவே பாதி வேலை

நொசிலின் உள்ளே இருக்கும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு முதல் நான்கு பங்கு மட்டுமே. மனிதனின் தலைமயிர் அதனைக் காட்டிலும் பல மடங்கு தடித்தது. ஆதலின் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மணற்றுகள் புதிய நொசிலையும் கெடுத்துவிடும். வேலை தொடங்குமுன் இயந்திரத்தின் மேற்பகுதியை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிடுக. காற்று வீசும் முற்றத்தில் மண் பறக்குமாயின் அன்று இவ்வேலை வேண்டாம். நூல் உதிரும் பழந்துணியை விலக்குக. கழற்றும் ஒவ்வொரு குழாய் வாயையும் அந்தக் கணமே சுத்தமான மூடியினால் அடைத்து விடுக.

கழற்றுதல்

இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பற்றரியின் மறைமுனைக் கம்பியைக் கழற்றுக. அடுத்து, பம்பிலிருந்து நொசில்களுக்குச் செல்லும் குழாய்களை இரு முனைகளிலும் இளக்கி எடுக்க. அவற்றை வளைக்கவும் திருகவும் கூடாது. எது எந்தச் சிலிண்டருக்குரியது என்று அடையாளமிட்டு வைக்க. பின்பு நான்கு நொசில்களின் தலைகளையும் இணைத்துச் செல்லும் மெல்லிய மீள்குழாயை நட்டுகளும் வாஷர்களும் தவறாமல் எடுக்க.

இனி 27 மில்லிமீற்றர் ஆழச் சொக்கற்றினால் நொசிலைச் சுழற்றிக் கழற்றலாம். பல்லாண்டு அசையாதிருந்தவை இறுகியிருக்கும். முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை இட்டு வைத்தால் வேலை இலகுவாகும். நொசிலின் மேற்பாகம் மாத்திரம் சுழன்று கீழ்ப்பாகம் அசையாதிருக்கக் கண்டால் அங்கேயே நிறுத்துக. மேலும் பலம் பிரயோகித்தால் கருவி இரண்டாகப் பிரிந்து, அடிப்பாகம் தலைக்குள்ளேயே தங்கிவிடும். அது கைதேர்ந்த மெக்கானிக்குக்கு உரிய வேலை.

நொசிலை எடுத்த குழியின் அடியில் சிறிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனித்து அவற்றை எடுக்க. நான்கு குழிகளிலிருந்தும் எத்தனை வந்தன என்று எண்ணுக. ஒன்று உள்ளே ஒட்டிக் கிடக்க, அதன்மேற் புதியதை இட்டால் நொசில் உயர்ந்து நிற்கும், எரிவாயு கசியும். பின்னர் குழிகளைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும்.

கராஜுக்குச் செல்ல வேண்டிய கட்டம்

வீட்டிற் செய்ய இயலாத பகுதி இதுவே. டீசல் பம்ப் வேலைத்தலங்களில் கையால் அமுக்கிச் சோதிக்கும் கருவி உண்டு. நொசில் எந்த அழுத்தத்தில் திறக்கின்றது, தூவல் கூம்பாக விரிகின்றதா, மூடியபின் நுனியிற் சொட்டு வடிகின்றதா என்னும் மூன்றையும் அது காட்டும். இவ்வகைப் பழைய நொசில்கள் வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலே திறப்பன. நுனியை மட்டும் மாற்றினாலும், முழுவதையும் மாற்றினாலும், இச்சோதனை இன்றிப் பூட்டலாகாது. நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்குமாறு உள்ளே மெல்லிய தகடுகளை இட்டுச் சரிசெய்வர். ஒரு ஊசியை மற்றொரு கூட்டிற் போடுதல் பெருந்தவறு; அவை சோடி சோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை.

பூட்டுதல்

புதிய வாஷர்களையே இடுக. முதற் சில சுற்றுகளை விரலினாலேயே திருகுக. புரி பிசகினால் தலை கெடும். இறுதியாக, அவ்வியந்திரத்தின் கைநூல் கூறும் அளவுக்கு முறுக்குவிசை ஸ்பானரினால் இறுக்குக. அளவுக்கு மிஞ்சிய இறுக்கம் நொசிலின் உடலை நெரித்து, ஊசியைச் சிக்க வைக்கும்.

குழாய்களில் இப்போது காற்று இருக்கும். காற்று நெருங்கிச் சுருங்குமேயன்றி நொசிலைத் திறக்காது. எரிபொருள் பில்ற்றரின் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்குக. நொசில் பக்கத்து நட்டுகளைச் சிறிது இளக்கி விட்டு, பற்றரியை மீண்டும் இணைத்து, ஒருவர் ஸ்ராற்றரைச் சிறிது சிறிதாகச் சுழற்ற, குமிழியில்லாமல் டீசல் வந்ததும் நட்டுகளை இறுக்குக. ஸ்ராற்றரை இடைவிடாது சுழற்றினால் அது சூடேறிக் கெடும், இடையிடையே ஆறவிடுக. வழிந்த டீசலை முழுவதும் துடைத்த பின்னரே இயந்திரத்தை ஓடவிடுக.

உயிர்க்காப்பான ஓர் எச்சரிக்கை

தாய்மாரும் தந்தையரும் இப்பகுதியைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுதல் நலம். ஓடும் இயந்திரத்தில் கசிவு இருக்கின்றதா என்று விரலினால் தடவிப் பார்க்கும் வழக்கம் மிகக் கொடியது. அவ்வழுத்தத்திற் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மாத்திரமே. முதலில் வலியும் பெரிதாயிராது. ஆனால் உள்ளே சென்ற எண்ணெய் தசையையும் நரம்பையும் அழித்துக் கொண்டிருக்கும். சில மணி நேரத்துள் சத்திரசிகிச்சை செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரும். ஆதலால் கசிவைப் பார்க்க ஒரு மட்டையைப் பிடித்துப் பார்க்க. சோதனைக் கருவியின் முன்னும் கையை நீட்டலாகாது. தவறி நேர்ந்துவிட்டால், “சின்னக் காயந்தானே” என்று மஞ்சள் பூசிக் கொண்டு வீட்டில் இராமல் உடனே ஆசுபத்திரிக்குச் சென்று, அழுத்தத்திற் பாய்ந்த டீசல் உள்ளே சென்றதென்று வைத்தியரிடம் தெளிவாகக் கூறுக.

காத்தலே சிக்கனம்

புதிய நொசில்கள் நீடிப்பது நாம் ஊற்றும் எண்ணெயைப் பொறுத்தது. டீசல் எரிவதோடு நில்லாது, பம்பினதும் ஊசியினதும் தேய்வைத் தடுக்கும் வழுக்கெண்ணெயாகவும் தொழிற்படுகின்றது. மண்ணெண்ணெய்க்கு அவ்வழுவழுப்புக் குறைவு. 1990களில் வடபகுதிக்கு எரிபொருட் தடை இருந்தபோது பழைய பெற்றோல் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நமது மூத்தோர் அறிவர். அது வேறு வழியற்ற காலத்தின் சாமர்த்தியம். தாராளமாக டீசல் கிடைக்கும் நாளில், சில ரூபாவை மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலப்பவர், பின்னர் பம்பையும் நொசிலையும் புதிதாக வாங்கி அம்மிச்சத்தைப் பன்மடங்காகத் திருப்பிக் கொடுப்பர். பில்ற்றரைக் காலந்தவறாது மாற்றுக; அதில் தேங்கும் நீரை வடித்து விடுக.

இங்கு கூறியவை பழைய பொறிமுறை நொசில்களுக்கே பொருந்தும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய கொமன் ரெயில் இயந்திரங்களில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்கையும் கடக்கும். பலவற்றில், புதிய நொசிலின் குறியீட்டைக் கணினி கொண்டு வாகனத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். அவற்றை வீட்டில் தொடாதிருத்தலே மேல்.

நம் குடும்பங்களில், படிக்கும் பிள்ளையின் கையில் எண்ணெய்க் கறை படிவதை இழிவெனக் கருதுவோர் இன்றும் உளர். பௌதிகப் புத்தகத்தில் அமுக்கமும் வெப்பமும் கற்கும் மாணவன், அவை இரண்டும் கைகோத்து ஒரு வண்டியை இழுப்பதை நேரிற் காண்பது கல்விக்கு இழுக்காகுமா? அடுத்த விடுமுறையில் வேலை நடக்கும்போது அவனையோ அவளையோ அருகில் நிறுத்துங்கள். வாஷர்களை எண்ணும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் திகதியையும், வண்டி ஓடிய கிலோமீற்றரையும், நொசில் திறந்த அழுத்தத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை புகை கக்கும்போது, மெக்கானிக் முதலில் கேட்பது அந்தக் கொப்பியையே.