பனியின்மேல் ஒரு மோட்டார் சவாரி



சிரம்பான் பக்கமிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறாராம். அம்மாவையும் அப்பாவையும் அங்கே வரவழைத்து, அப்படியே ஐஸ்லாந்துக்கும் அழைத்துப்போக ஆசைப்படுகிறாராம். (அயர்லாந்து வேறு, ஐஸ்லாந்து வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம், நானும் ஒரு காலத்தில் குழப்பிக்கொண்டவன்தான்.) அங்கே ஒரு நாள் சுற்றுலா இருக்கிறதாம். காலையில் இயற்கைக் காட்சிகள், பிற்பகலில் பனியாற்றின்மேல் 'ஸ்னோமொபைல்' என்னும் பனி மோட்டார் சவாரி. "என் வீட்டுக்காரருக்கு வயது 63. நாற்பது வருடம் தோட்டத்து மண் ரோட்டில் மோட்டார் ஓட்டியவர். நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார் என்கிறார். எனக்கு முதுகுவலி. நெஞ்சு படபடக்கிறது. போகலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, அந்தப் பயணத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் நான் செய்திருக்கிறேன். ஆகவே கேட்டறிந்ததை அல்ல, கண்டதையே எழுதுகிறேன்.

தலைநகர் ரெய்க்யாவிக்கில் பசியாறிவிட்டு விடியற்காலையில் வேனில் ஏறினோம். முதலில் திங்வெல்லிர். கி.பி. 930இல் அந்நாட்டு மக்கள் திறந்த வெளியில் கூடிப் பாராளுமன்றம் நடத்திய இடம். 1944இல் குடியரசைப் பிரகடனம் செய்ததும் அங்கேதான். அமெரிக்கக் கண்டத்தின் பாறைத்தட்டும் ஐரோப்பாவின் தட்டும் அங்கே விலகிப் போகின்றன, ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர். விலகிய இடம் பெரிய சுவர்போலப் பிளந்து நிற்கிறது. அதற்குள்ளேயே நடந்து போகலாம். வழியில் உறைபனி படிந்திருக்கும், வழுக்கும். முதுகுவலிக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கை பனி மோட்டாரைப் பற்றியது அல்ல, இந்த நடைபாதையைப் பற்றியது.

அடுத்தது வெந்நீர் ஊற்றுகள். கெய்சிர் என்ற பழைய ஊற்றின் பெயரைத்தான் உலகமே இப்படிப்பட்ட ஊற்றுகளுக்கெல்லாம் வைத்திருக்கிறது. அது இப்போது பெரும்பாலும் தூங்குகிறது. பக்கத்திலுள்ள ஸ்ட்ரோக்கூர் மட்டும் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதினைந்து இருபது மீட்டர் உயரத்துக்குச் சீறுகிறது. அடியிலுள்ள நீர் நூறு பாகைக்கு மேல் சூடேறியும் மேலிருக்கும் நீரின் பாரத்தால் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கும். பாரம் சற்றே விலகியதும் ஒரேயடியாக ஆவியாகிப் பாயும். கயிறு கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவதாகக் குல்ஃபாஸ் அருவி. தங்க அருவி என்று பொருள். 11 மீட்டர், 21 மீட்டர் என்று இரண்டு படிகளாக விழுந்து ஒரு பிளவுக்குள் மறைந்துவிடுகிறது. அருவியைவிட என்னை நிறுத்தி வைத்தது அதன் பக்கத்திலிருந்த ஒரு கல். அதில் ஒரு பெண்ணின் முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் சிக்ரிதூர் தோமஸ்தோத்திர். 1871இல் பிறந்து 1957இல் மறைந்தவர். பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலாளிகள் அந்த அருவியில் மின்சாரம் எடுக்க முயன்றபோது, அந்த அம்மையார் வழக்காடினார். தலைநகருக்குப் பல முறை நடந்தே போனார். அணை கட்டினால் அருவியில் விழுந்து உயிரை விடுவேன் என்றும் சொன்னாராம். அவருக்கு உதவிய வக்கீல் ஸ்வேன் பியர்ன்சன் பின்னாளில், 1944இல், நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். அணை வரவில்லை. 1979 முதல் அருவி பாதுகாக்கப்பட்ட இடமாக இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அருவிக்கு மேலே ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. ஆட்டிறைச்சி சூப் கிடைக்கும். விலையை நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்க்காமல் குடித்தால் ருசியாக இருக்கும்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட விஷயம். குல்ஃபாஸிலிருந்து ஆளுயரச் சக்கரம் வைத்த ஒரு லோரியில் ஏற்றினார்கள். குலுக்கிய குலுக்கலில், லாலான் காட்டு வழியில் பழைய லேண்ட் ரோவரில் போனது நினைவுக்கு வந்தது. போய்ச் சேர்ந்த இடம் லாங்யோக்குல், அதாவது நீளமான பனியாறு. ஐஸ்லாந்தில் பரப்பளவில் இரண்டாவது பெரியது. காலையில் அருவியாக விழக் கண்டோமே, அந்த ஹ்வீத்தா ஆற்றின் தண்ணீர் இந்தப் பனி உருகி வருவதுதான்.

முழு உடையும், தலைக்கவசமும், கையுறையும் கொடுத்தார்கள். வண்டியின் முன்பக்கம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்பக்கம் சுழலும் ரப்பர் பட்டை. ஒரு வண்டிக்கு இருவர். இப்போது உங்கள் வீட்டுக்காரர் கவனமாகக் கேட்கட்டும். மோட்டார் ஓட்டிப் பழகியது இங்கே உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். நம் மோட்டாரில் முறுக்குகிறோம். இதில் வலது கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்த வேண்டும். பயத்தில் கைப்பிடியை இறுக்கினால் விரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி பாயும். விரலை எடுத்தால் வேகம் அடங்கும். பிரேக் இடது கையில். எல்லாவற்றையும்விட முக்கியம்: மோட்டார் சாயும்போது நாம் காலை ஊன்றுவோமே, அந்தப் பழக்கம் இங்கே கூடவே கூடாது. வண்டியின் எடைக்குக் கால் ஒடிந்துபோகும். சாய்ந்தாலும் கால் பலகையிலேயே இருக்க வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண். அவர் முன்னே போக, நாங்கள் ஒற்றை வரிசையில் பின்னே. தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகாதீர்கள் என்றார். பனியாற்றில் ஆழமான வெடிப்புகள் உண்டு. புதுப்பனி அவற்றை மூடியிருக்கும். மேலே பார்த்தால் வெள்ளைத் துணி விரித்ததுபோல்தான் தெரியும்.

புறப்பட்டுப் பதினைந்து நிமிடம் இருக்கும். என் பின்னால் இருந்த தம்பி மகன் உற்சாகத்தில் கத்திக்கொண்டே வந்தான். தொலைவில் ஒரு மங்கல். அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்தினார், வானத்தைப் பார்த்தார், ரேடியோவில் பேசினார். "திரும்புகிறோம்" என்றார். ஒரு மணி நேரச் சவாரிக்குப் பணம் கட்டியிருந்தோம். ஒருவர் உரக்கவே சண்டை பிடித்தார். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மனத்துக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன், அதை மறைப்பானேன்? அந்தப் பெண் பதில் பேசாமல் வண்டியைத் திருப்பினார். நாங்கள் அடிவாரத்துக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் காற்று எழுந்தது. பத்தடியில் நின்ற லோரி கண்ணுக்குத் தெரியவில்லை. தடுமாறிக் கதவைத் தேடியவர்களில், சண்டை போட்டவரும் ஒருவர்.

2020 ஜனவரியில், அதே லாங்யோக்குல் பக்கம், வானிலை எச்சரிக்கை இருந்தும் புறப்பட்ட ஒரு குழு புயலில் சிக்கிக்கொண்டது. 39 பேர், குழந்தைகள் உட்பட. பனியில் மணிக்கணக்காகக் காத்திருந்த அவர்களை மீட்புக் குழுவினர்தாம் போய்க் காப்பாற்றினார்கள். அந்நாட்டில் மீட்புப் படையினர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தப் பெண்ணின் உயர்த்திய கைதான் என் கண்முன் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பனி குறைந்துகொண்டே வருகிறது. லாங்யோக்குலுக்கு மேற்கே ஓக் என்றொரு மலை. அதன் உச்சியிலிருந்த பனி, இனிப் பனியாறு அல்ல என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் அதற்கு, இறந்தவருக்கு வைப்பதுபோல், நினைவுப் பலகை வைத்தார்கள். அதன்மேலேயே புகை கக்கும் எஞ்சினில் ஏறிச் சுற்றுவது சரிதானா என்று எனக்கே ஒரு உறுத்தல் உண்டு. ஆகவே இரண்டாம் முறை போனால், காலைக் காட்சிகளோடு நிறுத்திக்கொள்வேன். செலவும் பாதிக்குமேல் குறையும்.

ஆனால் நீங்கள் கேட்டது என்னைப் பற்றியல்லவே! உங்கள் வீட்டுக்காரர் போகட்டும். லைசென்ஸை அசலாகக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மோட்டார் லைசென்ஸ் மட்டும் போதுமா, காடி லைசென்ஸும் வேண்டுமா என்று மகன் முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். உங்கள் முதுகுவலியை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் குலுக்கல் முதுகுக்கு ஆகாது. கர்ப்பிணிகளை அவர்கள் ஏற்றுவதே இல்லை. உங்களைக் குல்ஃபாஸ் கடையிலேயே விட்டுவிட்டுத் திரும்பும்போது அழைத்துக்கொள்வார்களா என்பதையும் கேளுங்கள். பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே படித்துக்கொள்ள வேண்டும், பனியின்மேல் நின்றுகொண்டு அல்ல. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது.

போய்வந்து மறக்காமல் கடிதம் போடுங்கள், சகோதரி. பின்னால் உட்கார்ந்தீர்களா, இல்லை அந்த அம்மையாரின் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்.