ஒட்டிய முகங்கள்

புகைப்படத்தை வெட்டி ஓவியத்தோடு இணைப்பது மேலை நவீனத்தின் கொடை என்றே நம் கலை விமர்சகர்கள் பலர் எழுதிவருகின்றனர். முதல் உலகப்போரை அடுத்து பெர்லினின் டாடாயிஸ்டுகள் செய்த ஒட்டுப்படங்களே அவர்களுக்குத் தொடக்கம். ராஜஸ்தானத்து நாத்துவாரா அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஸ்ரீநாத்ஜி கோயிலைச் சார்ந்து வாழ்ந்த அவ்வூர் ஓவியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘மனோரதம்’ எனப்படும் படங்களில் புகைப்படத்தைக் கையாண்டனர். தெய்வம், சன்னிதி, பக்தரின் உடல், ஆடை யாவும் தூரிகையால் ஆனவை. முகம் மட்டும் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டு, வண்ணத்தால் இணைக்கப்பட்டது. கோயிலின் தலைமை ஓவியரான காசீராம் ஹர்தேவ் சர்மா (1868–1930) கேமராவையும் கையாண்டவர்.

ஊர் திரும்பிய பின்னும் தம் முகம் சன்னிதியில் நிற்கவேண்டும் என்பது பக்தரின் வேட்கை. அதற்கு ஒளி பதித்த முகம் வேண்டும். கேமரா காணாத தெய்வத்தைக் காட்டத் தூரிகையும் வேண்டும். இரண்டின் கலப்பு இங்கே வழிபாடு.

இதைக் ‘கடைவீதிச் சரக்கு’ என்று ஒதுக்குவோரை நாம் கேட்கிறோம்: அதிர்ச்சிக்காக ஒட்டினால் கலை, வணக்கத்திற்காக ஒட்டினால் கைவேலையா? கூலிக்குச் செய்தவை என்பீர்களாயின், இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களில் பொருள் கொடுத்தவரே கன்னிமரியின்முன் மண்டியிட்டிருக்கிறார். அவற்றை எந்த விமர்சகரும் சரக்கு என்றதில்லை.